யாரும் நம்பவில்லை என்றால் போதுமா?

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததுமே எங்கள் வீட்டுக் குளியலறைச் சன்னல் கம்பியில் சிவப்பழகு க்ரீம் பாக்கெட்டுகள் ஒரு சரமாகத் தொங்க ஆரம்பித்தன. 1990களின் கடைசி அது. தெருமுனைப் பெட்டிக்கடையில் ஷாம்புக்கும் பாக்குக்கும் நடுவில் அதுவும் தொங்கும். அம்மா ஒரு சரத்தை அப்படியே வாங்கி வந்திருந்தாள். காலையில் ஒரு பாக்கெட், படுக்கப் போகும்போது ஒரு பாக்கெட். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் கேட்டேன்: "ஏன்க்கா, நிஜமாவே சிவப்பாயிடுவியா?" அக்கா வேதியியல் பட்டதாரி. கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "இதுல ஒண்ணும் ஆகாதுடி. எனக்குத் தெரியாதா? ஆனா வர்றவங்க அதத்தான பாப்பாங்க."

வந்தவர்களும் நல்ல மனிதர்கள்தான். காபியைக் குடித்துவிட்டுப் போகும்போது மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அத்தையிடம் தணிந்த குரலில், "எங்களுக்கு நிறமெல்லாம் பெரிசில்லீங்க. நாலு பேர் ஏதாவது சொல்லுவாங்களேன்னுதான்" என்றார். அத்தையும் விட்டுக்கொடுக்காமல், "கருப்பா இருந்தாலும் பொண்ணு களையா இருப்பா" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த ஒருவர்கூட விளம்பரத்தை நம்பவில்லை. ஆனால் எல்லோரும் அது சொன்னபடியேதான் நடந்துகொண்டார்கள்.

விளம்பரத்தைப் பற்றியோ சினிமாவைப் பற்றியோ யாராவது குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "விளம்பரத்தையெல்லாம் யார் நம்புறாங்க? படத்தைப் படமாப் பாக்க ஜனங்களுக்குத் தெரியாதா?" பட்டிமன்றத்தில் இதற்குக் கைத்தட்டல் கிடைக்கிறது, இயக்குநர்களின் பேட்டிகளில் இது தவறாமல் இடம்பெறுகிறது. மக்களை மதிக்கிற பேச்சு போலத் தோன்றுவதால் இதை எதிர்த்துப் பேசுகிறவர் மக்களை முட்டாள் என்று சொல்வதாக ஆகிவிடுகிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. மக்களுக்குத் தெரியும், என் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இந்தப் பதில் கேள்வியைத் தொடவே இல்லை. நம்ப வைப்பதுதான் பிரச்சாரத்தின் வேலை என்று அது முன்கூட்டியே முடிவு கட்டிக்கொள்கிறது. திரும்பத் திரும்பச் சொல்வதால் நடக்கிற காரியத்துக்கு நம்முடைய நம்பிக்கை தேவையே இல்லை என்பதுதான் என் வாதம்.

இந்தத் தவறான முடிவுக்கு ஒரு பழமொழியும் துணை நிற்கிறது. ஒரு பொய்யை நூறு முறை சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று கோயபல்ஸ் சொன்னதாக மேடைக்கு மேடை கேட்கிறோம். கோயபல்ஸின் எழுத்திலோ உரையிலோ அப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக இதுவரை யாரும் காட்டவில்லை. 1941 ஜனவரியில் சர்ச்சிலைத் தாக்கி அவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பெரிய பொய்யாகச் சொல்லி அதிலேயே பிடிவாதமாக நிற்பது ஆங்கிலேயர்களின் வழக்கம் என்று அதில் எதிராளியின் மேல் பழி போட்டார். ஹிட்லர் தன் நூலில் பிரச்சாரத்துக்கு வகுத்த இலக்கணமும் வேறு: நாலைந்து விஷயங்களோடு நிறுத்திக்கொள், கடைசி ஆளுக்கும் எட்டும்வரை அதையே சொல். சொன்னது உண்மையாக மாறுவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆளில்லாத ஒரு மேற்கோளை நாம் எல்லோரும் சொல்லிச் சொல்லியே அதற்கு ஓர் ஆளைத் தேடிக் கொடுத்திருக்கிறோம்.

அந்த வாக்கியம் செய்கிற கெடுதி மேற்கோள் பிழையோடு முடியவில்லை. சொல்பவன் மந்திரவாதி, கேட்பவன் ஏமாளி என்று அது இரண்டு பேரை மட்டும் நம் கண்முன் நிறுத்துகிறது. நாம் ஏமாளி இல்லை என்று நமக்கு உறுதியாகத் தெரிவதால், இந்த விவகாரத்தில் நமக்குப் பங்கில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது இன்னும் நுட்பமானது. 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டொப்பினோ என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு அறுபது அறுபது வாக்கியங்களாக, இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கேட்கக் கொடுத்தார்கள். சில வாக்கியங்கள் மூன்று தடவையும் வரும், மற்றவை ஒரு தடவைதான். ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று மாணவர்கள் ஏழு படி அளவுகோலில் மதிப்பிட வேண்டும். திரும்ப வந்த வாக்கியங்களின் மதிப்பு ஏறியது. ஆனால் ஒரு முழுப் படிகூட ஏறவில்லை. பொய் மெய்யாகிவிடவில்லை, கொஞ்சம் பழகிய முகமாயிற்று, அவ்வளவுதான்.

2015இல் லிசா ஃபேஸியோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் நம் ஊர் ஆட்களுக்கு வியப்பு தரக்கூடிய ஒரு வாக்கியம் வருகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் புடவை என்பது அந்த வாக்கியம். அதன் பெயர் கில்ட் என்று அந்த மாணவர்களுக்குத் தெரியும், நேராகக் கேட்டால் சரியாகவே சொல்வார்கள். அப்படித் தெரிந்தவர்களுக்கும் அந்தப் பொய்யை முன்பே ஒரு தடவை படித்திருந்தால் அது சற்றுக் கூடுதலாக உண்மை போலத் தோன்றியது. படித்திருக்கிறோம், விவரம் தெரியும், ஆகவே நமக்கு ஒன்றும் ஆகாது என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அறிவு ஓரிடத்தில் இருக்கிறது, பழக்கம் வேறிடத்தில் இருக்கிறது. நேராகக் கேள்வி கேட்டால்தான் அறிவு வாய் திறக்கும். விளம்பரமோ சினிமாவோ யாரையும் கேள்வி கேட்பதில்லை.

விளம்பரத் தொழிலில் ஊறியவர்களுக்கு இது என்றைக்கோ தெரியும். 1950களில் ராஸர் ரீவ்ஸ் என்ற அமெரிக்கர் அனாசின் தலைவலி மாத்திரைக்கு ஒரு டி.வி. விளம்பரம் செய்தார். தலைக்குள் சுத்தியல் ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும். பார்த்தவர்களுக்கு எரிச்சல். ஜனங்கள் அதை வெறுக்கிறார்கள் என்பது ரீவ்ஸுக்கும் தெரியும். அவர் அதை மாற்றவில்லை, மாத்திரையும் விற்றது. பிடித்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட அதற்கு இல்லை. 1952இல் ஐசனோவரை அதிபர் தேர்தலில் நிறுத்தியபோது அவருக்கான குறும்படங்களைச் செய்ததும் இதே ரீவ்ஸ்தான்.

இதைக் கதைக்குள் வைத்து மிகத் தெளிவாகக் காட்டியவர் ஜார்ஜ் ஆர்வெல். பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். 1941 முதல் 1943 வரை பிபிசியின் கிழக்குச் சேவையில் இந்தியாவுக்கான உரைகளைத் தயாரித்தவர். யுத்த காலத்தில் அந்த வேலை பிரச்சாரம்தான் என்பது அவருக்கே தெரியும். 1945இல் வெளிவந்த அவருடைய 'விலங்குப் பண்ணை'யில் வரும் செம்மறி ஆடுகளை நினைத்துப் பாருங்கள். நாலு கால், இரண்டு கால் என்று ஒரே கோஷத்தை மணிக்கணக்கில் கத்துகிற ஆடுகள். மூளைச்சலவைக்கு உதாரணமாக வகுப்பறையில் அவற்றைக் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், பிறகு திரும்பப் படித்தபோது தவறு புரிந்தது.

அந்த ஆடுகள் கத்தியதைக் கேட்டு மனம் மாறிய விலங்கு என்று அந்தக் கதையில் எதுவுமே இல்லை. ஆடுகள் எப்போது கத்துகின்றன என்று பாருங்கள். ஸ்நோபால் என்ற பன்றி கூட்டத்தில் முக்கியமான ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும்போது கத்துகின்றன. அவனைத் துரத்திய பிறகு நாலு இளம் பன்றிகள் எழுந்து எதிர்ப்புச் சொல்கின்றன. நாய்கள் உறுமி அடக்கியதும் ஆடுகள் ஏறக்குறைய கால் மணி நேரம் விடாமல் கத்துகின்றன, விவாதம் அதோடு தீர்ந்தது. கதையின் முடிவில் பன்றிகள் இரண்டு காலில் நடந்து வரும் அந்த நிமிடம் இருக்கிறதே, அத்தனை பயத்தையும் மீறி மற்ற விலங்குகள் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடிய ஒரே நிமிடம் அதுதான். சரியாக அப்போது ஒரு வாரமாகத் தனியே கூட்டிப்போய்ப் பழக்கிய புதுக் கோஷத்தை ஆடுகள் எடுத்துவிடுகின்றன. அவை ஓயும்போது பன்றிகள் வீட்டுக்குள் போய்விட்டன. கோஷத்தின் அர்த்தத்துக்கு அங்கே வேலை இல்லை. மற்றவர்கள் பேசியிருக்க வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது.

இதைவிடக் கனமான சான்று ருவாண்டாவில் இருக்கிறது. 1993 ஜூலையில் அங்கே ஆர்டிஎல்எம் என்ற தனியார் வானொலி தொடங்கியது. நல்ல பாட்டு, அரட்டை, கேலி, அவற்றுக்கு நடுவே டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று சொல்லும் ஒரு சொல். மறுநாளும் அதே சொல். 1994 ஏப்ரலில் தொடங்கிய இனப்படுகொலை நூறு நாளில் லட்சக்கணக்கான உயிர்களை வாங்கியது. கொலைகளின்போதும் அந்த வானொலி ஓயவில்லை. அதை நிறுவியவர்களில் இருவரை 2003இல் சர்வதேசக் குற்றவியல் நடுவர் மன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. வானொலி மட்டும் அந்தப் படுகொலையைச் செய்துவிடவில்லை. பட்டியலும் கத்தியும் சாலைத் தடுப்பும் வேறு கைகள் ஏற்பாடு செய்தவை. அந்தச் சொல்லை எத்தனை பேர் மனதார நம்பினார்கள் என்று இனி அளக்கவும் வழியில்லை.

ஆனால் அதே நாட்டில் 2004இல் ஒரு வானொலி நாடகம் தொடங்கியது. பெயர் முசெகெவெயா, புது விடியல் என்று பொருள். இரண்டு ஊர்களுக்கிடையே நிலத்தகராறு, அது முற்றி வன்முறை, அந்த இரண்டு ஊரையும் சேர்ந்த இரு இளையவர்களின் காதல் என்று நம் ஊர்த் தொடர் போலவே போகும் கதை. எலிசபெத் பாலக் என்ற உளவியலாளர் ஓராண்டு காலம் சில ஊர்களில் இந்த நாடகத்தையும், வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய ஒரு நாடகத்தையும் மக்களைக் கூட்டிக் கேட்க வைத்து ஒப்பிட்டார். முடிவு 2009இல் வெளிவந்தது. கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக அசையவில்லை. அசைந்தது வேறொன்று: நம் ஊரில் எது வழக்கம், எதற்கு நாலு பேர் தலையாட்டுவார்கள் என்ற கணிப்பு. நடத்தையும் அந்தக் கணிப்பின் பின்னால் போயிற்று. ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வானொலிப் பெட்டியும் கேசட்டுகளும் பரிசாகக் கொடுத்து, யார் வைத்துக்கொள்வது என்று அவர்களையே முடிவு செய்யச் சொன்னார்கள். மற்ற ஊர்களில் தலைவரிடமே கொடுத்துவிடலாம் என்று சீக்கிரம் பேசி முடிக்கும் போக்கு இருந்தது. புது விடியல் கேட்ட ஊர்களில் மறுத்துப் பேசினார்கள், நாமே சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்கு அந்த மாப்பிள்ளையின் அம்மாதான் நினைவுக்கு வந்தார். நாலு பேர் ஏதாவது சொல்லுவாங்களே. அந்த நாலு பேருக்கும் இதே போல வேறு நாலு பேர் மீது பயம். தனித்தனியே விசாரித்தால் எல்லோருமே நல்லவர்கள், எல்லோருக்கும் நிறம் பெரிதில்லை. திரையிலும் சுவரிலும் சீரியல் இடைவேளையிலும் அதே முகம் வந்துகொண்டிருந்ததால், மற்றவர்களுக்கு அது பெரிது என்று ஒவ்வொருவரும் தீர்மானமாக இருந்தார்கள். விளம்பரம் அக்காவைப் பார்த்துப் பேசவே இல்லை. அவளைப் பார்க்க வரப்போகிறவர்களைப் பற்றி அவளிடம் பேசியது.

தமிழ்ச் சினிமாவுக்கு வருகிறேன். 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் நாயகன் வெளுப்பதற்குப் படாத பாடு படுவது நகைச்சுவை. அதில் எனக்குப் பெரிய புகார் இல்லை, நிறத்தின் மீதான ஆசையையே அது கேலி செய்கிறது என்று ஒருவர் வாதாட இடமுண்டு. பொறுக்க முடியாதது இன்னொன்று. அண்டை வீட்டுக்காரரின் இரண்டு மகள்களுக்கு முகத்தில் கருமை பூசி, அந்தக் கருமையையே சிரிப்பாக்கி, அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்தார்கள். பாரியின் பெண்கள். அப்பனையும் மலையையும் இழந்து, கபிலர் மணம் பேசப் போன இடமெல்லாம் மறுக்கப்பட்ட பெண்கள். அந்தக் காட்சியில் கருப்பு அசிங்கம் என்று எந்தப் பாத்திரமும் வாய்விட்டு வாதாடுவதில்லை. வாதாடினால் எதிர்வாதம் வந்திருக்கும். அவர்கள் வந்து நின்றால் சிரிக்க வேண்டும் என்று படம் முன்பே எடுத்துக்கொள்கிறது, அரங்கமும் சிரிக்கிறது. பக்கத்து இருக்கையில் சிரிப்பதைக் கேட்கும் கருத்த பெண் ஒருத்தி, தன்னைச் சுற்றி இருப்பவர்களைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு வெளியே வருகிறாள்.

எங்கள் அத்தை சொன்ன வாக்கியத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. 'கருப்பா இருந்தாலும்'. அந்த 'ஆலும்' என்ற விகுதியைக் கவனியுங்கள். கருப்பு ஒரு குறை என்று அந்த வாக்கியம் எங்குமே சொல்லவில்லை, ஒரு குறையை மன்னிக்கிறது, அவ்வளவுதான். பாராட்டாக வந்ததால் யாரும் அதை மறுப்பதில்லை. எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை தொட்டிலருகில் இதைக் கேட்டிருப்போம்!

இங்கே ஒருவர் எழுந்து, "க்ரீம் வருவதற்கு முன்பே இந்த ஆசை இருந்ததே, விளம்பரம் சமூகத்தின் கண்ணாடிதானே" என்று கேட்பார். ஆசை முன்பே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல்தான் சந்தைக்கு வந்தது, நிறத்தை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது அதற்கு வெகுகாலம் மூத்தது. ஆனால் என்றைக்குமே இப்படித்தான் என்பது பொய். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை, மாந்தளிரின் நிறம். வெளிறிப்போவதற்குப் பெயர் பசலை, அது பிரிவினால் வந்த நோய், மாமையைத் தின்னும் நோய். வெளிறிய மகளைப் பார்த்துப் பதறிய தாய்மார்கள் நம் இலக்கியத்தில் இருக்கிறார்கள். ஒரு சமூகத்துக்குள் பல பார்வைகள் கிடக்கும்போது அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, நாளுக்குப் பத்து முறை பெரிதாக்கிக் காட்டுவதைக் கண்ணாடி என்று எப்படிச் சொல்வது?

அடுத்த பதில் இன்னும் சாமர்த்தியமானது: "ஒரு படத்தால் என்ன ஆகிவிடும்?" ஒன்றுமே ஆகாது. அந்த ஒரு படத்தை எடுத்தவரிடம் நியாயம் கேட்கவும் முடியாது. வேண்டாம் என்ற பெண்ணைத் துரத்தித் துரத்தி நாயகன் சம்மதம் வாங்கும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இயக்குநரும் தன் நாயகன் வேறு மாதிரி, தன் கதையில் அதற்கு ஒரு காரணம் உண்டு என்பார், அவர் சொல்வதும் பொய்யாக இருக்காது. தணிக்கை வாரியத்தின் முன்னால் வருவது ஒரு படம். விளம்பரத் தர மன்றத்துக்குப் போகும் புகார் ஒரு விளம்பரத்தின் மேல். இருபது ஆண்டுகளின் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் நாற்காலி எந்த அலுவலகத்திலும் இல்லை. பார்வையாளரின் தலைக்குள் மட்டும்தான் அவை அத்தனையும் ஒன்றாக ஓடுகின்றன. குற்றம் எந்த ஒரு படத்திலும் இல்லாமல் படங்களுக்கு இடையில் இருக்கும்போது, படத்தைப் படமாகப் பாருங்கள் என்கிற அறிவுரையால் யாருக்குப் பயன்?

திரும்பச் சொல்வதையே குற்றம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய்ப்பாடும் ஆத்திசூடியும் திரும்பச் சொல்லித்தான் வந்தன. அங்கே சொல்கிற வாய் என்னுடையது, மனப்பாடம் செய்கிறேன் என்பது எனக்குத் தெரியும். தப்பினால் பாட்டி திருத்துவாள். பதில் பேச வழியிருக்கும் இடத்தில் திரும்பச் சொல்வது வேறு, ஒரே பக்கத்திலிருந்து பணத்தின் பலத்தில் வந்துகொண்டே இருப்பது வேறு.

நம்பிக்கைதான் சிக்கல் என்று நினைக்கிறவர்கள், க்ரீமால் சிவப்பாக முடியாது என்று விளக்கிச் சொன்னால் போதும் என்று நினைப்பார்கள். அக்காவிடம் அதை விளக்கி என்ன பயன்? அதனால்தான் நிலைமையைக் கொஞ்சமாவது நகர்த்தியவர்கள் வேறு வழியில் போனார்கள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடி 2003இல் சில விளம்பரங்களை நிறுத்த வைத்தது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் கருப்பே அழகு என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கருத்த பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே பலர் முன் சொன்னார்கள். இப்படி நினைப்பவள் நான் ஒருத்தி மட்டுமில்லை என்று கேட்பவளுக்குத் தெரிவதில்தான் அதன் வலு இருந்தது. கருத்தவர்களை அழகில்லாதவர்களாக, சோர்ந்தவர்களாகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2020இல் அந்த க்ரீமின் பெயரிலிருந்து ஃபேர் போய் க்ளோ வந்தது. அதே ஆண்டு ஜூனில் திருமணத் தளம் ஒன்று நிறம் பார்த்துத் தேடும் வசதியை எடுத்தது. இவை எதுவும் சும்மா கிடைத்தவை அல்ல. பெயர்ப்பலகை மாறிவிட்டது, இனிக் கவலையில்லை என்று சொல்கிறவர்களோடும் நான் உடன்படவில்லை. விளம்பரம் ஓய்ந்த பிறகும் அதே வேலையைச் செய்ய இப்போது நாமே இருக்கிறோம்.

போன வருடம் அக்கா மகளுக்கு ஜாதகத்தோடு கொடுக்க ஒரு போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கடைவீதியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூடியோ. எடுத்து முடித்ததும் அந்தத் தம்பி கம்ப்யூட்டரில் ஏதோ இழுத்து, தேய்த்து, ஐந்து நிமிடத்தில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தான். அவள் முகம் அவள் முகமாக இல்லை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

"கொஞ்சம் கலர் ஏத்திருக்கேங்க்கா."

"நாங்க கேக்கலியேப்பா," என்றாள் அக்கா.

"யாரும் கேக்க மாட்டாங்கக்கா. எல்லாருக்கும் போடுறதுதான்."

அக்கா அந்தப் படத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். "இறக்கிக் குடுங்க தம்பி. நாங்க இருக்கோம், மெதுவாப் பண்ணுங்க." அவன் திரும்பி உட்கார்ந்து, எடுத்தபடியே இருந்த படத்தைத் தேட ஆரம்பித்தான். பின்னால் நின்றிருந்த ஓர் அம்மா, தன் பெண்ணின் படத்தை உறையிலிருந்து வெளியே எடுத்து, வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். பிறகு வரிசையில் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.